அறை வைத்துக் கட்டிய கிட்டார்

துளைபோடும் மெஷினின் சத்தம் திடீரென்று மாறியது. அண்ணன் சுவிட்சைத் தட்டினார். பலகையைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். அவர் அந்தப் பக்கமிருந்து பார்த்தார், நான் இந்தப் பக்கமிருந்து பார்த்தேன். இரண்டு ரூபாய் நாணயக் குத்தி அளவான ஓட்டை வழியாக அவருடைய ஒரு கண் எனக்குத் தெரிந்தது.

"என்னா தெரியுது?" என்றார்.

"நீங்க தெரியுறீங்க அண்ணே."

வத்தேகமையில் அன்று பிடித்த மழை விடவேயில்லை. பட்டறைத் தகரத்தில் அது கொட்டிய சத்தத்தில், அண்ணன் அடுத்துச் சொன்ன சொல் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. கேட்காதது நல்லது. ஞாயிறு பூசை முடிந்து நேராக வந்திருந்தோம்.

அந்தப் பலகையில் ஓட்டை போடத்தான் வேண்டும். அதுதான் வேலையே. ஆனால் கால் அங்குலம் மிச்சம் வைத்து நிறுத்த வேண்டும். மெஷினின் பிட் அந்தக் கால் அங்குலத்தையும் சாப்பிட்டுவிட்டு மறுபக்கம் வந்துவிட்டது.

அது என்ன பலகை, அதை ஏன் குடைந்தோம் என்று சொல்லாவிட்டால் இந்தக் கதை விளங்காது.

எத்தனை கிட்டார்?

திங்கள் முதல் வெள்ளி வரை நான் கணக்கு டீச்சர். சனி, ஞாயிறுகளில் கண்டியிலும் சுற்றுவட்டாரத்திலும் கல்யாண வரவேற்புகளில் மின்சாரக் கிட்டார் வாசிக்கிறவள். நாங்கள் நாலு பேர் கொண்ட குழு. மற்ற மூவரும் ஆண்கள். தலைவர் ரிஸ்வான் நானா. அக்குறணையில் மசாலாக் கடை வைத்திருக்கிறார், பேஸ் கிட்டார் வாசிக்கிறார்.

என் கிட்டாரின் உடம்பைச் செய்தது என் சொந்த அண்ணன் சவரி. வத்தேகமையில் மேசை, கதிரை என்று தளபாடம் செய்கிறவர். ஊரில் எல்லோருக்கும் அவர் 'சவரி பாஸ்'; தச்சரை இங்கே பாஸ் என்பார்கள். என் கல்யாணத்துக்கு மற்ற அண்ணன்மார் அலுமாரி, கட்டில் என்று கொடுத்தபோது, இவர் ஒரே பலா மரத்துண்டில் கிட்டார் உடம்பு ஒன்றை அறுத்து, இழைத்து, வார்னிஷ் போட்டுக் கொண்டுவந்தார். இரண்டு அங்குலத் தடிப்பு.

"பலா, புள்ள. உன் பேரப்புள்ளைங்க காலத்துக்கும் நிக்கும்" என்றார்.

கிட்டார் நின்றது. என் தோள்தான் நிற்கவில்லை. இருபது வருடம் அந்த வாரைத் தோளில் மாட்டி மாட்டி, கடைசியில் கரும்பலகையில் எழுதக் கையைத் தூக்க முடியாமல் போனது. கண்டியில் டொக்டரிடம் போனேன்.

"மூட்டை தூக்குறீங்களா மிஸ்?"

"இல்ல டொக்டர், கிட்டார்."

"எத்தனை கிட்டார்?"

வீட்டுக்கு வரும் வழியில் வத்தேகமைச் சந்தையில் மரக்கறிக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன். ஐந்தரைக் கிலோவைத் தாண்டி முள் ஆடியது. கடைக்காரர் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "வெட்டிக் குடுப்பீங்களா, முழுசா எடுக்கணுமா?" என்று கேட்டார்.

எத்தனை மாசம்?

குழுவில் யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. ரிஸ்வான் நானா அப்படிப்பட்டவர் இல்லை. ஆனால் அவருடைய மச்சினன் ஒரு கீபோர்ட் வாங்கியிருந்தான். அதில் ஒரு பட்டனை அமத்தினால் கிட்டார் சத்தம் வரும். அதை நானா என்னிடம் இரண்டு தடவை, ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார். மூன்றாவது தடவை சொன்னால் என்ன அர்த்தம் என்று எனக்கு விளங்கும்.

"டீச்சர், கொஞ்ச நாளைக்குக் கதிரைல இருந்து வாசிங்களே" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

கட்டுகஸ்தோட்டையில் ஒரு கல்யாணம். மேடையில் மூன்று பேர் நிற்க, நான் மட்டும் கதிரையில். மடியில் ஐந்தரைக் கிலோ பலா. இடைவேளையில் மாப்பிள்ளை வீட்டு அம்மா ஒருவர் மெதுவாக வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு காதருகே கேட்டார்:

"எத்தனை மாசம்மா?"

எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது. மகள் உயர்தரம் படிக்கிறாள்.

மறுநாள் காலையில் அண்ணன் பட்டறை வாசலில் போய் நின்றேன். "எனக்கு இன்னொரு உடம்பு செஞ்சு தாங்க. உள்ளுக்கு அறை வெச்சு."

லயமா, குவாட்டர்ஸா?

சொன்னதும் அண்ணன் இழைப்புளியைக் கீழே வைத்தார்.

"அறைன்னா?"

"உள்ள குடையணும். வெளிய பார்த்தா முழு மரம். உள்ள வெறும் காத்து. பாரம் குறையும். சத்தமும் கொஞ்சம் தொறந்து வரும்."

"ஆக, வெளிய மரம், உள்ள ஏமாத்து."

இதை நான் எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன். உள்ளே பொந்து வைத்த கதவை முழு மரம் என்று விற்ற வியாபாரி ஒருவனோடு அண்ணன் நடுச்சந்தியில் சண்டை பிடித்த கதை ஊருக்கே தெரியும். அவருக்கு மரம் என்றால் அடிவரை மரமாக இருக்க வேண்டும். அதைவிட இன்னொன்றும் இருந்தது. அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. தங்கச்சிக்குக் கல்யாணத்துக்குக் கொடுத்த பொருளை, தங்கச்சியே பாரம் என்று சொல்லித் திருப்பிக் கொண்டுவந்து நிற்கிறாள்.

"யாருக்கும் விக்கப்போறதில்லண்ணே. நான்தான் வாசிக்கப்போறேன். எனக்குத் தெரிஞ்சேதானே நீங்க குடையிறீங்க? அதுல என்ன ஏமாத்து?"

அண்ணன் இழைப்புளியைத் திரும்பக் கையில் எடுத்தார். அண்ணிதான் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். "செஞ்சு குடுங்க. அவ கையத் தூக்கிச் சிலுவை போட முடியாம, போன வாரம் பாதியில நிறுத்திட்டா."

அண்ணன் காதிலிருந்த பென்சிலை எடுத்தார். "சரி. எத்தனை ரூம்? அட்டாச் பாத்ரூம் வேணுமா?"

நான் கணக்குப் புத்தகத் தாளில் ஏற்கனவே வரைந்து கொண்டுபோயிருந்தேன். நடுவில் நாலு அங்குல அகலத்துக்கு முழு மரம். கழுத்து, கம்பியின் சத்தத்தைப் பிடிக்கும் பிக்கப், கம்பியைத் தாங்கும் பிரிட்ஜ் எல்லாம் அதில்தான் உட்கார வேண்டும், கம்பிகளின் இழுப்பை அதுதான் தாங்கும். அதற்கு இரண்டு பக்கமும் மும்மூன்று அறை. எல்லாம் ஒரே அளவு. பரப்பளவைக் கணக்கிட அதுதான் எனக்குச் சுகம்.

அண்ணன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது லயம்" என்றார்.

மடுல்கெல்லயில் எங்கள் அப்பா தோட்டத்துக் கிளாக்கர். நாங்கள் ஸ்டாப் குவாட்டர்ஸில் வளர்ந்தவர்கள். ஜன்னலைத் திறந்தால் எதிரே வரிசை வரிசையாகத் தோட்டத் தொழிலாளர் லயங்கள், ஒரே மாதிரி அறைகள். என் கூட்டாளிகள் எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள். ஒரு அறைக்குள் எட்டுப் பேர் படுப்பதைப் பார்த்து வளர்ந்த அண்ணனுக்கு, சின்னச் சின்ன அறையை வரிசையாகக் கட்டுவது என்றாலே பிடிக்காது. யாருக்காக இருந்தாலும் பிடிக்காது. காற்றுக்காக என்றாலும்தான்.

"பெருசா வைப்போம். இந்தப் பக்கம் ரெண்டு, அந்தப் பக்கம் மூணு. காத்தோட்டம் வேணும் புள்ள."

"அண்ணே, அது கிட்டார். அதுக்கு ஜன்னல் கிடையாது."

"அதுக்குத்தான் சொல்றேன்."

ஐந்து அறை என்று முடிவானது. அடிக்கு மகோகனி. அதைக் குடைந்து அறை வைத்து, மேலே கால் அங்குலப் பலா மூடி ஒட்டுவது. வயர் போவதற்காக அறைக்கு அறை சின்ன வழி. இப்படித்தான் அந்த மழை ஞாயிறு வந்தது. அண்ணனுடைய கண் எனக்குத் தெரிந்தது.

காதுப் பென்சில்

ஓட்டையைப் பலா வட்டம் ஒன்றால் அடைத்தோம். சிவந்த மகோகனியில் மஞ்சள் வட்டம். என் கணவர் டொமினிக் வந்து பார்த்துவிட்டு, "தொப்புள் நல்லா வந்திருக்கு" என்றார். அண்ணன் அவரோடு அன்று பேசவில்லை.

அடுத்த வாரம் மூடியை ஒட்டினோம். பட்டறையிலிருந்த அத்தனை கிளாம்பும் போட்டு இறுக்கி, இரண்டு நாள் வைத்தோம். மூன்றாம் நாள் கிளாம்புகளைக் கழற்றி, அண்ணன் அதை இரண்டு கையிலும் ஏந்தி என்னிடம் நீட்டினார். கைக்குப் பாரமே தெரியவில்லை. சந்தோஷத்தில் நான் அதை லேசாக ஆட்டினேன்.

கடகட என்றது.

"என்னா சத்தம்?" என்றார் அண்ணன்.

"உள்ள ஏதோ இருக்குண்ணே."

"மரத்தூளா இருக்கும்."

"தூள் கடகடங்குமா?"

அண்ணன் வாங்கித் தானும் ஆட்டினார். இடம் மாற்றி ஆட்டினார். அந்தச் சாமான் அறைக்கு அறை நாங்கள் வைத்த வழியால் ஓடி ஓடி வீடு மாறியது. அப்போதுதான் அண்ணனுடைய வலது கை மெதுவாக மேலே போய்த் தன் காதைத் தொட்டது.

அதற்கு முன் நடந்ததைச் சொல்ல வேண்டும். மூன்று நாளாக அண்ணனும் அண்ணியும் பேச்சில்லை. பால்காரர் கணக்கு எழுதத் தன் பென்சிலை அண்ணிதான் எடுத்துத் தொலைத்துவிட்டார் என்று அண்ணன் கத்தியிருக்கிறார். அண்ணி தலையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறார். பிறகு சோறு மட்டும் மேசைக்கு வந்தது, அண்ணி வரவில்லை.

வேறு வழியில்லை. பலா வட்டத்தைத் திரும்பத் துளைத்து எடுத்தோம். இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கிட்டாரைக் குப்புறக் கவிழ்த்து, சாய்த்து, குலுக்கினோம். அரை மணித்தியாலம் ஆனது. இதைப் பார்க்க அண்ணி ஒரு கதிரையைக் கொண்டுவந்து போட்டு உட்கார்ந்தார். கடைசியில் ஒரு சிவப்புப் பென்சில் துண்டு எட்டிப் பார்த்து, அண்ணியின் காலடியில் விழுந்தது.

அண்ணி குனிந்து எடுத்தார். ஊதித் தூசு தட்டினார். அண்ணனுடைய காதில் தானே சொருகிவிட்டார். அண்ணன் அன்று பின்னேரம் வத்தேகமை டவுனுக்குப் போய்க் கேக் வாங்கி வந்ததாகக் கேள்வி.

பத்துக்கு ஆறு

ஓட்டையை இன்னொரு பலா வட்டத்தால் அடைத்த பிறகு, பழைய கழுத்து, பழைய பிக்கப், பழைய பிரிட்ஜ், எல்லாவற்றையும் புது உடம்புக்கு மாற்றினேன். கம்பி மட்டும் புதிது. அதே சந்தைத் தராசில் மூன்றேகால் கிலோ. தோளில் மாட்டிக்கொண்டு நின்றபோது, ஏதோ ஒன்றை மறந்துவிட்டு வந்த மாதிரி இருந்தது.

வயர் மாட்டாமல் ஒரு கம்பியைத் தட்டினேன். பழைய கிட்டார் அப்படி வாசித்தால் எனக்கே சரியாகக் கேட்காது. இது அடுத்த அறையில் சட்டை அயர்ன் பண்ணிக்கொண்டிருந்த டொமினிக்குக் கேட்டது. சத்தம் காதுக்கு வருமுன் வயிற்றில் வந்து தட்டியது. முந்தியதில் ஒரு ஸ்வரம் இழுத்த நூல் மாதிரி நீண்டு நிற்கும். இதில் சட்டென்று விரிந்து, கொஞ்சம் காற்றோடு வந்து, சீக்கிரம் அடங்கியது.

நான் பரவசத்தில் அக்குறணைக்குப் போய் ரிஸ்வான் நானாவிடம் சொன்னேன். அவர் கருவாப்பட்டை நிறுத்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், மின்சாரக் கிட்டார்ல கம்பியும் காந்தமும்தான் பேசும். மரத்துக்கு அங்க என்ன வேல?"

"நீங்க கேட்டுட்டுச் செல்லுங்க நானா" என்றேன். அவரோடு பேசிப் பேசி, 'சொல்லுங்க' என்பதற்கு எனக்கும் அவருடைய 'செல்லுங்க' ஒட்டிக்கொண்டது.

பழைய உடம்பைக் கழற்றுமுன், ஆம்ப்ளிபயர் வழியாக ஒரே பாட்டின் ஒரே துண்டைப் பதிந்து வைத்திருந்தேன். புதியதிலும் அதையே பதிந்தேன். கடைக்குள் நானாவை மல்லி மூட்டைகளின் மேல் உட்கார வைத்து, பத்துத் தடவை மாற்றி மாற்றிப் போட்டேன். எது பழையது, எது புதியது?

டொமினிக்கும் வந்திருந்தார். சென்ற வாரம் இந்தப் பத்திரிகையில் அவர் மீன் வாங்கும் அழகை எழுதியதற்கு மூன்று நாள் என்னோடு அளந்துதான் பேசினார். இருந்தாலும் உண்மையைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு தடவையும் கண்ணை மூடி, தலையை ஆட்டி, "இது கட்டாயம் புதுசு" என்றார். பத்துக்கு மூன்று.

ரிஸ்வான் நானா பத்துக்கு ஆறு. பிறகு அவர் போட, நான் திரும்பி உட்கார்ந்து கேட்டேன். நானும் பத்துக்கு ஆறு.

நிகழ்தகவு படிப்பிக்கிறவள் நான். பத்துக்கு ஆறு என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். நாணயக் குத்தியைச் சுண்டிப் போட்டாலும் அவ்வளவு வரும்.

நானா என்னைப் பார்த்தார். என் முகம் எப்படி இருந்ததோ தெரியாது. கீபோர்ட் பற்றி மூன்றாவது தடவை சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். "டீச்சர், நின்டு வாசிக்க ஏலுமா இப்ப?" என்றார்.

"ஏலும்."

"அப்ப அது போதும். வாற மாசம் இன்னாசிமுத்து சேர்ட மகள்ட கல்யாணம்."

எனக்கு மறுபடியும் தோள் வலித்தது.

நாலு நிமிஷம்

இன்னாசிமுத்து சேர் போன வருடம்வரை எங்கள் பாடசாலையில் உப அதிபர். கையில் மணிக்கூடு கட்டாமல் அவரை யாரும் கண்டதில்லை, சிரித்தும் கண்டதில்லை. மூன்று நிமிடம் பிந்தியதற்கு என்னிடம் எழுத்தில் விளக்கம் கேட்டவர். நான் குழுவில் வாசிப்பது அவருக்குப் பிடிக்காது. கல்யாணத்துக்கு எங்களை ஒழுங்கு செய்தது மகள்தான்.

கண்டியில் ஒரு ஹோட்டல் மண்டபம். மத்தியான வரவேற்பு. வந்ததும் வராததுமாகச் சேர் மேடைக்கு வந்தார்.

"ஒண்ணேகாலுக்கு என்ட நன்றியுரை. நாலு நிமிஷம். அந்த நேரம் மேடையில ஒரு சத்தமும் வரப்படாது மிஸ்."

"வராது சேர்."

ஒரு மணித்தியாலம் நின்றே வாசித்தேன். தோள் ஒன்றும் சொல்லவில்லை. அண்ணனும் அண்ணியும் மேடைக்குப் பக்கத்து மேசையில். அண்ணனுக்குச் சேரைத் தெரியும், சேர் வீட்டு மேசை கதிரையெல்லாம் அவர் செய்தது. ஆனால் அவர் வந்தது கல்யாணத்துக்கு இல்லை, மரம் பிளக்கிறதா என்று பார்க்க.

ஒன்றேகாலுக்கு மற்ற மூவரும் வெளியே போக, நானும் கிட்டாரை ஸ்டாண்டில் சாய்த்துவிட்டுத் தண்ணீர் குடிக்க மண்டபத்தின் மறுகோடிக்குப் போனேன். வொலியுமைக் குறைக்க மறந்துவிட்டேன். கிட்டாரின் முகம் ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டிருந்தது. பழைய முழுப் பலா உடம்பாக இருந்தால் பெரும்பாலும் ஒன்றும் நடந்திருக்காது. உள்ளே அறை இருந்தால், ஸ்பீக்கர் சத்தத்தில் மூடி அதிரும், கம்பியும் சேர்ந்து அதிரும், அது ஸ்பீக்கருக்கே திரும்பிப் போய் இன்னும் பெரிதாக வரும். அக்குறணையில் பத்துத் தடவை போட்டுப் பார்த்தபோது இது தெரியவேயில்லை. அங்கே மெதுவாகத்தானே பதிந்தேன்.

சேர் தாளைப் பார்த்து வாசித்தார். வந்தவர்களுக்கு நன்றி. சமைத்தவர்களுக்கு நன்றி. மகளின் பெயருக்கு வந்தபோது, ஒரு சத்தம் ஆரம்பித்தது.

'ம்ம்ம்ம்…'

அடிவயிற்றிலிருந்து யாரோ முனகுவது மாதிரி. ஒரே ஸ்வரம், மெல்ல, மெல்ல ஏறியது. கையில் தண்ணீர் கிளாஸோடு நான் மேடையைத் திரும்பிப் பார்த்தேன். நடுவே முந்நூறு பேர், கதிரைகள், ஒரு கேக்.

சேர் நிறுத்தினார். தலையைத் தூக்கினார். முடிந்தது என்று நினைத்தேன். அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"இவ கெம்பஸ் போன அன்னைக்கு நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போகல்ல" என்றார். "ஸ்கூல்ல டியூட்டி. போயிருக்கலாம். ஒருத்தரும் ஒண்டும் கேட்டிருக்க மாட்டாங்க. நான்தான் உப அதிபர்."

மண்டபத்தில் யாரோ சிரித்தார்கள். சேரும் சிரித்தார். பிறகு அவருடைய வாய் கோணியது. மகள் எழுந்து நின்றாள். பின்னால் 'ம்ம்ம்' என்று அது கூடவே ஏறியது. கைக்குட்டைகள் வெளியே வந்தன. சேர் விடவில்லை. சைக்கிள் பழக்கியதைச் சொன்னார், அம்மை போட்டதைச் சொன்னார். நாலு நிமிஷம் எப்போதோ போய்விட்டது.

நான் கதிரைகளுக்குள் புகுந்து பாதித் தூரம் வந்திருந்தேன். அந்த நேரத்தில் முனகல் ஊளையாக மாறியது. கண்ணாடி கிளாஸெல்லாம் நடுங்கும் ஊளை.

மரம் பிளந்துவிட்டது என்று நினைத்து அண்ணன் எழுந்து ஓடினார். ஒரே தாவலில் மேடையேறி, கிட்டாரை இரண்டு கையாலும் நெஞ்சோடு கட்டிப் பிடித்தார். கம்பிகள் அடங்கின. ஊளை நின்றது.

"நன்றி" என்றார் சேர். மண்டபமே எழுந்து கைதட்டியது. இதெல்லாம் ஒத்திகை பார்த்துச் செய்தது என்று நினைத்திருப்பார்கள்.

நான் மூச்சு வாங்க மேடையேறினேன். அண்ணன் இன்னும் விடவில்லை. அவர் முகம் ஒரு மாதிரி இருந்தது.

"புள்ள, உள்ள நடுங்குச்சு. என் நெஞ்சுல தெரிஞ்சிச்சு" என்றார். கிட்டாரின் ஓரத்தைத் தட்டிக் காட்டி, "அந்தப் பெரிய ரூம்லதான்" என்றார்.

சாப்பாடு தொடங்கியதும் சேர் என்னைத் தேடி வந்தார். கண் சிவந்திருந்தது. நான் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

"மிஸ், அந்த மியூசிக்…"

எழுத்தில் விளக்கம் கொடுப்பதைவிட வாயால் சொல்லிவிடுவது நல்லது என்று பட்டது. "சேர், அது நாங்க வாசிச்சது இல்ல. நான் வொலியுமக் குறைக்க மறந்துட்டேன். தானா வந்த சத்தம்."

அவர் மேடையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். மணிக்கூட்டைப் பார்க்கவில்லை.

"நானும் அழணும்னு நெனச்சு மேடைக்கு வரல்ல மிஸ்" என்றார்.

பிறகு என் கையிலிருந்த வயரின் மறு நுனியைக் குனிந்து எடுத்துக் கொடுத்தார். இரண்டு பேரும் வட்டிலப்பம் வைத்திருந்த மேசைக்குப் போனோம்.